ஞாயிற்றுக்கிழமைக் கைமாற்று

வலியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, யாருக்கு எந்த வாரம் என்பதுதான். தூத்துக்குடியில் நாங்கள் எதையும் முறை வைத்துச் செய்து பழகியவர்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க முறை, ஆலயத்து அசன விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்க முறை. இப்போது வலிக்கும் முறை.

வலி என் மச்சான் ஞானதுரையுடையது. என் மனைவி பியூலாவின் பெரியண்ணன். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபின் சின்னஞ்சிறிசுகளாக இருந்த தம்பி தனசிங்கையும் தங்கச்சி பியூலாவையும் வளர்த்து ஆளாக்கியதே அவர்தான். விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவனும் நிமிர்ந்து நிற்பான். அப்பேர்ப்பட்ட மனிதரின் முதுகெலும்புக்குள் ஒரு கட்டி வந்தது. ஆளைக் கொல்லாது, ஆளை விடவும் விடாது என்றார் டாக்டர். மாத்திரையைக் கூட்டினால் கிட்னி தாங்காது, அதனால் பங்குப்பட்டையை யோசித்துப் பாருங்கள் என்றார்.

கம்பெனி அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. சனங்கள் பங்குப்பட்டை என்றே சொன்னார்கள். காதுக்குப் பின்னால் ஊசி போட்டுக் கடுகளவு ஒரு சில்லை உள்ளே வைப்பார்கள். அதற்குப் பேரும் கடுகுதான். நோயாளியின் கையில் ஒரு பட்டை, சுமப்பவர் கையில் ஒரு பட்டை. சுமப்பவர் தன் பட்டையை மாட்டியதும் நோயாளியின் வலியில் பெரும்பகுதி அவருக்குப் போய்விடும். இவர் கட்டிலில் மூச்சு விடுவார், அவர் எங்கேயோ பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழிக்கு ஒரு கம்பெனி கல்லறை கட்டிவிட்டது.

ஊரே கொஞ்சம் மாறிப்போனது. பெண் பார்க்க வருகிறவர்கள், வீட்டில் யாராவது பட்டை கட்டியிருக்கிறார்களா என்று நைசாக விசாரித்தார்கள். வேலைக்கு எடுக்கிறவர்கள் படிப்பைக் கேட்பதற்கு முன்னால், வீட்டில் படுக்கையில் யாரும் உண்டா என்று கேட்டார்கள். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளுக்கெல்லாம் திடீரென்று மரியாதை கூடிற்று. ஏனென்றால் பட்டை இரத்த சொந்தத்துக்குத்தான் ஒட்டும்.

எனக்கு ஒட்டவில்லை. நானும் கிளினிக்குக்குப் போய்க் கடுகு வைத்துப் பார்த்தவன்தான். "ஒத்துப்போகல சார், மாப்பிள்ளை மருமகளுக்கு அநேகமா ஒத்துப்போகாது" என்றார்கள். வைத்ததை எடுக்க வேண்டாம், தானே கரைந்துவிடும் என்று அனுப்பியும் விட்டார்கள். வெளியே வந்ததும் தனசிங் என் தோளைத் தட்டினார்.

"மாப்ளைக்கு விருந்து மட்டும்தான், வலி கிடையாது."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இருக்காதா பின்னே?

ஆக, ஒரு வாரம் தனசிங், ஒரு வாரம் பியூலா. தனசிங் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பிளான்ட் ஒன்றில் மேனேஜர். பியூலா போர்ட்டில் கிரேன் ஆபரேட்டர். அந்தக் காலம்போல உச்சியில் ஏறி உட்கார வேண்டியதில்லை. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, ஒரு வீட்டளவு கன்டெய்னரைத் தூக்கி லாரி மேல் முட்டை வைப்பதுபோல வைப்பாள். அந்த வேலையை அவள் எவ்வளவு நேசித்தாள் என்று எனக்குத் தெரியும். பட்டை கட்டியவர்கள் வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரம் தொடக் கூடாது என்பது சட்டம். தன் முறை வந்தால் அந்த வாரம் முழுக்க அவள் மேசை வேலை பார்ப்பாள். முறை முடிந்ததும் கிரேனுக்குத் திரும்புவாள். மேலதிகாரி முணுமுணுத்துக்கொண்டே சகித்துக்கொண்டார்.

வலிக்கு ஆள் அமைந்துவிட்டது. மிச்சமெல்லாம் எனக்கு. தனசிங் வீடு மாடியில், படியேற முடியாது என்பதால் மச்சான் எங்கள் வீட்டிலேயே இருந்தார். தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, ஊட்ட, துடைக்க, இரவில் திருப்பிப் படுக்கவைக்க என்று ஒரு ஆள் வேண்டும். நான் ஏ.சி. மெக்கானிக். சொந்தமாகச் சின்னக் கடை. கொஞ்ச நாளைக்கு என்று ஷட்டரை இறக்கினேன். யாரும் என்னை இறக்கச் சொல்லவில்லை, யாரும் ஏற்றவும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் திடமாக இருந்தவன் நான் ஒருவன்தான். தனசிங் முகம் வற்றிப்போயிற்று. பியூலா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. படுத்தால் தூக்கம், எழுந்தால் பசி. மாடி மாடியாக ஏ.சி. பெட்டியைச் சுமந்து ஏறிய உடம்பு, சும்மாவா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கைமாற்று நடக்கும். அதை இந்த அண்ணன் தம்பி தங்கச்சி எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இவர்களுடைய அப்பா உப்பளத்தில் மூட்டை சுமந்தவர். அடுத்தவன் தலையில் சுமை உட்காரும்வரை உன் கையை எடுக்காதே என்பது அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த பாடம். அதனால் முறை முடிந்தவர் தன் பட்டையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அடுத்தவர் மாட்டிக்கொள்வார். இரண்டு பட்டையும் கையில் இருக்க, மச்சானின் கட்டிலைச் சுற்றி நால்வரும் கைகோத்துக்கொண்டு ஜெபம் செய்வோம். தனசிங் ஜெபம் ஆரம்பித்தால் லேசில் முடியாது. ஆமென் சொன்ன பிறகுதான் பழைய பட்டை கழலும். மச்சான் ஒரு நொடிகூட வலியோடு தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எண்ணம்.

இன்னொரு வழக்கமும் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அப்பா அம்மா போன புதிதில், கேட்பவர்களிடமெல்லாம் நல்லாருக்கோம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று மச்சான் தம்பிக்கும் தங்கச்சிக்கும் சொல்லிவைத்திருந்தார். முடியல என்று சொன்னால் ஆளுக்கொரு பிள்ளையாகச் சொந்தக்காரர்கள் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் போய் எவ்வளவோ காலமாயிற்று. சொல் மட்டும் நின்றுவிட்டது. எப்படி இருக்கே என்றால் நல்லாருக்கேன். மச்சான் காதில் விழும்படி முடியல என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வராது. கட்டிக்கொண்டு வந்த நானும் அதைக் கற்றுக்கொண்டேன்.

கட்டிலருகில் கம்பெனி கொடுத்த ஒரு பெட்டி இருக்கும். மச்சானுக்கு மொத்தம் எவ்வளவு வலி உண்டாகிறது என்று வரிசையாக விளக்கு எரியும். ஆரம்பத்தில் மூன்று எரிந்தது. மாதம் போகப் போக நான்கு, ஐந்து, எட்டு. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டி வளரவே இல்லையே என்று தலையைச் சொறிந்தார். நாங்கள் ஸ்கேனை நம்பவில்லை. பெட்டியைத்தான் நம்பினோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தனசிங்கின் வாரம். பியூலா கிரேனில். காலையில் நான் மச்சானைக் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏன் மாப்ள நின்னுக்கிட்டே இருக்கிய? கொஞ்சம் உக்காருங்க" என்றார். சமீபகாலமாக இதையே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன மச்சான். நீங்க கையத் தூக்குங்க."

சோப்பு நுரையில் நாற்காலியின் கால் வழுக்கியது. மச்சான் அப்படியே சாய்ந்தார். குனிந்தவாக்கில் ஒரு கையால் அவர் முழுப் பாரத்தையும் பிடித்து நிறுத்தினேன். "யம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"எங்கயும் இடிச்சுட்டா மச்சான்?"

"இல்ல. உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

எனக்கு ஒன்றுமே இல்லை. ஒரு சுளுக்குகூட இல்லை. அந்தக் கோணத்தில் அவ்வளவு பாரத்தைப் பிடித்தால் வேறு எவனாக இருந்தாலும் ஒரு வாரம் படுத்திருப்பான். பரவாயில்லை எட்வின், இன்னும் உனக்கு வயசாகவில்லை என்று என்னையே மெச்சிக்கொண்டு அவருக்குத் துவட்டிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பியூலா வந்துவிட்டாள். ஷிப்ட் நடுவில் அவள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஆளக் கொல்லப் பாத்தேங்க" என்றாள்.

கன்டெய்னரை லாரிமேல் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இடுப்பில் யாரோ கம்பியால் அடித்ததுபோல ஒரு வலி. கை தன்னால் இழுத்துக்கொண்டதில் கன்டெய்னர் ஆடிக்கொண்டு போய் டிரைவர் தலைக்கு மேல் வந்திருக்கிறது. எப்படி நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்த டிரைவர் கீழ குதிச்சு, மண்ணுல உக்காந்து வாந்தி எடுத்தாரு. நான் ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே இருக்கேன். சின்னப் பையன்லாம் இல்ல, நரச்ச ஆளு. வீட்டுல யாராரு இருக்காவளோ."

"பட்டை போடலையே நீ?"

"பீரோவுல இருக்கு, போய்ப் பாருங்க. இது சின்னண்ணன் வாரம்லா. அங்கயும் இதத்தான் கேட்டாவ. நான் திருட்டுத்தனமா பட்டை போட்டுக்கிட்டு கிரேன்ல உக்காந்தேன்னு நெனக்காவ. வெள்ளிக்கிழமை விசாரணை. பட்டை போட்டிருந்தேன்னு முடிவாச்சுன்னா லைசென்ஸ் போயிரும். பொறவு எந்த போர்ட்டுலயும் ஏற முடியாது."

பீரோவைத் திறந்து பார்த்தேன். பட்டை அவள் சேலைக்கு அடியில் கிடந்தது. திரும்பி வந்தபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"இன்னைக்கு மட்டும் இல்லங்க. எனக்கு எல்லா வாரமும் வலிக்கி. இடுப்பு, முழங்காலு, காலைல எந்திரிச்சா நெஞ்சுல ஒரு பாரம். பட்டை இல்லாத வாரமும்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அண்ணன் காதுல விழும்லா?" என்றவள், வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "முடியலங்க" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் நான் கேட்டதில்லை. அடுத்து அவள் சொன்னது இன்னும் மோசம். வேலையை விட்டுவிடுகிறேன், இரண்டு வாரமும் நானே போட்டுக்கொள்கிறேன், சின்னண்ணனும் எத்தனை நாளைக்குத் தாங்குவார் என்றாள். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தனசிங்குக்குப் போனைப் போட்டு, பட்டை இல்லாத வாரம் உங்களுக்கு எப்படி இருக்கு என்று நேராகக் கேட்டேன். அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம்தான் வெகுநேரம் கேட்டது.

"எனக்கும் அப்படித்தான் மாப்ள" என்றார் கடைசியில். "நான் அல்சர்னு நெனச்சு மருந்து குடிச்சுக்கிட்டு இருக்கேன். பியூலாட்ட சொல்லிராதிய."

மறுநாளே கம்பெனியில் சத்தம்போட்டு ஆள் வரவழைத்தேன். வான்மதி என்று ஒரு பெண், திருச்சிக்காரர், நடுத்தர வயது, கண்ணில் தூக்கக் கலக்கம். தனசிங்கும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் பெண் ஒரு சின்ன ஸ்கிரீனை மடியில் வைத்துக்கொண்டு மச்சானின் பட்டையைத் தொட்டுப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"கைமாத்தும்போது எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டார்.

தனசிங் பெருமையோடு விவரித்தார். மூட்டைக் கதை, இரண்டு பட்டை, கைகோத்து ஜெபம், ஆமென். அந்தப் பெண் பெட்டியை இன்னொரு முறை பார்த்தார்.

"ஒருத்தர் கழட்டின பிறகுதான் அடுத்தவர் போடணும்னு சொல்லியிருப்பாங்களே. நடுவுல அரை மணி நேரம் யாருமே போடக் கூடாது. அந்த அரை மணி நேரம் நோயாளி தன் வலியைத் தானேதான் தாங்கணும்."

"அது எப்படிம்மா?" என்றாள் பியூலா. "அண்ணன் துடிப்பாவ. பாத்துக்கிட்டு நிக்கவா?"

"நிக்கத்தான் வேணும். அப்பதான் வலி போன பழைய வழி மூடும். ரெண்டு பட்டையும் சேர்ந்து இருக்கும்போது தொட்டுக்கிட்டு நின்னா, வட்டத்துல இருக்கிற எல்லாக் கடுகும் திறந்துக்கும். திறந்தா மூடாது. பட்டையைக் கழட்டினாலும் மூடாது, நாங்க வந்துதான் மூடணும். வலி போற வழியிலயே திரும்பியும் வரும். உங்க அசதி, உங்க வயித்து எரிச்சல், எல்லாம் ஐயாவுக்குப் போகும். அது வலியா ஏறி மறுபடி உங்களுக்கே வரும். சுத்திச் சுத்தி வரும். இந்தப் பெட்டியில ஏறினது நோய் இல்லைங்க. நீங்க."

தனசிங் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியண்ணே, உனக்குத் தெரியுமா இது?"

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"தெரியும்ல. மொதல்ல வந்தது உன் வயித்தெரிச்சல்தான். எனக்கு வயித்துல சீக்கே கிடையாதே. பொறவு பியூலாவோட கழுத்து. வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆனா கல்லு மாதிரி ஆயிரும்." அவர் மூச்சு வாங்கினார். "நீங்க யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டிய. கேட்டா நல்லாருக்கோம்பிய. நான் பழக்குன பழக்கம், யாரக் குத்தம் சொல்ல? இது வந்த பொறவுதான் எம்பிள்ளைய எப்படி இருக்காவன்னு எனக்கே தெரிஞ்சுது. சொன்னா வந்து மூடிருவாவன்னு பேசாம இருந்துட்டேன். திரும்ப உங்களுக்கே வருதுன்னு மட்டும் எனக்குத் தெரியாது மக்கா. சத்தியமாத் தெரியாது."

பியூலா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூடிடுங்கம்மா என்றார் தனசிங். பட்டை போடவில்லை, பழைய வழியாக வந்த வலி என்று போர்ட்டுக்கு எழுதித் தருவதாகவும், விசாரணைக்குத் தானே வருவதாகவும் வான்மதி சொன்னார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. அவள் கிரேன் தப்பித்தது. நான் கதவோரம் நின்றுகொண்டு, எல்லாருக்கும் காபி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தனசிங் பட்டையைக் கழற்றினார். வான்மதி ஸ்கிரீனில் விரலை வைத்து அவருடைய வழியை மூடியதும் ஒரு விளக்கு அணைந்தது. பியூலாவின் வழியை மூடியதும் இன்னொன்று. பெட்டியில் ஆறு விளக்கு நின்று எரிந்தது.

"இனி அண்ணனோடது மட்டும்தானே?" என்றாள் பியூலா. "ஆரம்பத்துல மூணுதானே இருந்துச்சு? அப்போ நோயும் கூடித்தான் போச்சா?"

வான்மதி ஸ்கிரீனை நெருங்கிப் பார்த்தார். "இல்லையே. வட்டத்துல இன்னும் ஒருத்தர் இருக்காங்க."

"பேயா இருக்கும்" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சார், உங்களுக்கும் கடுகு வச்சாங்களா?"

"வச்சாவ. எனக்குத்தான் ஒட்டலையே. கரைஞ்சுரும்னு சொன்னாவளே."

"கரையல. ஜெபத்துல நீங்களும் கைகோத்து நிப்பீங்களா?"

"குடும்ப ஜெபம்லா. நிக்காம?"

"வாங்குறதுக்குத்தான் சார் இரத்த சொந்தம் வேணும்" என்றார் அவர் மெதுவாக. "கொடுக்குறதுக்கு வேண்டாம். இவங்க ரெண்டு பேரும் கொடுத்து வாங்கிட்டு இருந்தாங்க. நீங்க கொடுக்க மட்டும் செஞ்சிருக்கீங்க."

எனக்கு உடனே புரியவில்லை. மச்சானைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மச்சான், என்ன சொல்லுதாவ இவங்க?"

"நேத்து குளியலறையில பிடிச்சது என் இடுப்பு இல்ல மாப்ள" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "உங்களோடது. நீங்க என்னத் தாங்குன ஒடனே எனக்கு வெட்டுன மாதிரி இருந்துச்சு. நீங்க பாட்டுக்கு சிரிச்சுக்கிட்டு நிக்கிய. முழங்காலு உங்களோடது. ராத்திரி என்னத் திருப்பிப் போடும்போது தோள்பட்டையில ஒரு கடுப்பு வரும், அதும் உங்களோடதுதான். எல்லாத்தையும் தாங்கிக்கிடலாம். காலைல நீங்க கண்ணு முழிச்சதும் ஒரு பயம் வரும், இன்னைக்கும் இதே நாளான்னு. அதான் மாப்ள தாங்காது."

பியூலாவின் கை தன்னிச்சையாக அவள் இடுப்புக்குப் போயிற்று. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒரு கன்டெய்னர் எங்கள் இருவருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நரைத்த டிரைவரின் தலைக்கு மேல் அதைத் தள்ளியது அவள் கை அல்ல. குத்துக்கல்லு மாதிரி இருக்கேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனின் இடுப்பு.

"மூடிடட்டுமா சார்?" என்றார் வான்மதி. "உட்கார்ந்துக்கங்க."

"எதுக்கு? நான் நின்னுக்கிடுதேன்."

"உட்கார்ந்தா நல்லது."

"பரவால்ல, மூடுங்க." பிடிவாதமும் எனக்குச் சொந்தமானதுதானே.

அவர் விரலை வைத்தார். ஆறு, மூன்றாயிற்று.

முதலில் இடுப்பு. நேற்றுப் பிடித்தது இன்றைக்குத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. கதவின் நிலையைப் பிடித்தேன், பிடி நழுவியது. முழங்கால் இரண்டும் எனக்குச் சம்பந்தமில்லாதவைபோல மடிந்தன. தரையில் உட்கார்ந்தபோது தோளிலிருந்து விரல்நுனிவரை எரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பின்னால், நெஞ்சின் நடுவில், மாதக்கணக்காக எனக்கு வராத அந்தப் பயம் வந்து உட்கார்ந்தது. இறக்கிய ஷட்டர், திரும்பி வராத வாடிக்கையாளர்கள், நாளைக் காலை, அதற்கடுத்த காலை. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வந்தது.

"யம்மா, வேண்டாம்மா" என்று கட்டிலிலிருந்து மச்சானின் குரல் கேட்டது. அவர் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். "திரும்பத் தெறந்து விடுங்க. அது எங்கிட்டயே இருக்கட்டும். நான் சும்மாதானே படுத்திருக்கேன். மாப்ளைக்கு அது தாங்காது."

"அப்படிச் செய்யக் கூடாதுங்கய்யா" என்றார் வான்மதி. அவர் குரலும் சரியாக இல்லை. "இப்ப இந்த மூணும் உங்களோடது. மாத்திரை பாதியக் கட்டுப்படுத்தும். மிச்சம் உங்களால முடியுமா?"

மச்சான் தன் உடம்பையே கேட்டுப் பார்ப்பதுபோல முதுகை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"என் வலி இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா இத்தன பேரு?"

தனசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவரைச் சரியாகப் படுக்கவைத்தார். அண்ணனை அவர் தூக்கிப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினார். அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், பேச வரவில்லை. தடுமாறித்தான் படுக்கவைத்தார்.

பியூலா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். என் இடுப்பில் கையை வைத்தாள். எந்த இடம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நேற்றே அவளுக்குத் தெரிந்த இடம்.

"எப்படி இருக்கிய?" என்று கேட்டாள்.

எனக்கென்ன என்ற பதில் பழக்கத்தில் நாக்குநுனிவரை வந்துவிட்டது. மச்சான் தலையைத் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியல பியூலா" என்றேன். மச்சானுக்குக் கேட்கும்படியே சொன்னேன்.